“அவன் ஒருநாளும் விசுவாசிக்கவில்லை” என்று சொல்லலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். திருகோணமலையில் வளர்ந்த ஒரு பெண் கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணா பதினைந்து வருடத்துக்கு மேல் சபையில் கீபோட் வாசித்தவர், ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தவர், இந்தத் தங்கைக்கே இரவு ஜெபம் சொல்லித் தந்தவர். மூன்று வருடத்துக்கு முன்பு, தனக்கு இனி விசுவாசம் இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார். சண்டை பிடிக்கவில்லை, வேறு சமயத்துக்கும் போகவில்லை, சபைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். சபையில் மதிப்புள்ள ஒருவர் அம்மாவிடம், “உங்கட மகன் ஒருநாளும் மெய்யாய் விசுவாசிக்கேல்லை. விசுவாசிச்சிருந்தா போயிருக்கமாட்டான்” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. தங்கை கேட்பது இதுதான்: அண்ணாவின் விசுவாசம் பொய்யா? பொய் என்றால் அவர் சொல்லித் தந்த ஜெபத்தை நான் இனிச் சொல்லலாமா?

மகள், நான் போதகர் இல்லை. முப்பது வருடம் பாடசாலையில் கிறிஸ்தவம் படிப்பித்தவன். மெதடிஸ்த சபையில், போதகர் வராத ஞாயிறுகளில் பிரசங்கம் பண்ணுகிறவன். நானும் விசுவாசிக்கிறவன்தான் என்பதைத் தெரிந்துகொண்டு மிச்சத்தை வாசியுங்கள். உங்கள் அண்ணா விசுவாசித்தார் என்றே நான் நினைக்கிறேன். இன்று அது அவரிடம் இல்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று அடிக்காது.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். “உண்மையாக விசுவாசித்தான்” என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் “அவனுக்கு இருந்தது உண்மையான விசுவாசம்” என்று சொல்கிறார். உண்மையாக, உண்மையான. ஒரெழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் கேட்கிற கேள்வி வேறு. முதலாவது அந்த ஆளின் நேர்மையைப் பற்றியது: நடித்தானா, இல்லையா? இரண்டாவது அந்த விசுவாசத்தின் தரத்தைப் பற்றியது: கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கக்கூடிய, இரட்சிப்புக்குரிய விசுவாசமா? இரண்டாவது கேள்வி இறையியல் கேள்வி. அதில் சபைகள் நூற்றாண்டுக் கணக்காக ஒத்துப்போகவில்லை. முதலாவது, உங்கள் அண்ணாவோடு ஒரே வீட்டில் வளர்ந்த நீங்களே பதில் சொல்லக்கூடிய கேள்வி. அம்மாவின் காதில் விழுந்தது முதலாவதுதான்: “உன் பிள்ளை பதினைந்து வருடம் நடித்தான்.” சொன்னவர் இரண்டாவதை நினைத்துச் சொல்லியிருக்கலாம். அப்படியென்றால் அவர் சொன்ன விதம் மிகவும் பிழை.

அவர் சொன்னதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லாமல் இல்லை. 1 யோவான் 2:19: “அவர்கள் நம்மைவிட்டுப் பிரிந்துபோனார்கள், ஆகிலும் அவர்கள் நம்முடையவர்களாயிருக்கவில்லை.” வசனம் அப்படியே அவர் சொன்னதுபோலத்தான் ஒலிக்கிறது. ஆனால் யாரைப் பற்றி எழுதப்பட்டது என்று முன்னும் பின்னும் வாசிக்க வேண்டும். அதே நிருபத்தில் கொஞ்சம் தள்ளி, இயேசு மாம்சத்தில் வந்ததை மறுக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் போதனையோடு ஒரு கூட்டம் பிரிந்து போயிருக்கிறது, மிச்சமிருந்தவர்களையும் இழுக்கப் பார்த்திருக்கிறது. உடைந்துபோன சபையில் குழம்பி நிற்கிறவர்களைத் தேற்றுவதற்காக அந்த வரி எழுதப்பட்டது. உங்கள் அண்ணா யாரையும் இழுக்கவில்லை. கேட்டபோது தனக்கு உள்ளதைச் சொன்னார், அவ்வளவுதான். தேற்றுவதற்கு எழுதிய வசனம் ஒரு தாயின் சாப்பாட்டை நிறுத்துகிறது என்றால், வசனத்தைப் பாவித்த இடம் பிழை.

இனி மற்றப் பக்கத்து வசனங்கள். விதைக்கிறவன் உவமையில் கற்பாறை நிலத்துக்கு இயேசுவே சொல்கிற விளக்கம் லூக்கா 8:13-இல் இருக்கிறது. வசனத்தைச் சந்தோஷமாய் ஏற்றுக்கொள்கிறவர்கள், வேர் இல்லாதவர்கள், “கொஞ்சக்காலமாத்திரம் விசுவாசித்து” சோதனை காலத்தில் பின்வாங்கிப் போகிறவர்கள். வேர் இல்லை என்று சொன்ன அதே வாய் விசுவாசித்தார்கள் என்றும் சொல்கிறது. விசுவாசித்ததுபோல நடித்து என்று இல்லை.

எபிரெயர் 6-ஆம் அதிகாரம் இன்னும் கடினமானது. ஒருதரம் பிரகாசிப்பிக்கப்பட்டும், பரம ஈவை ருசிபார்த்தும், பரிசுத்த ஆவியைப் பெற்றும் பிறகு மறுதலித்துப் போனவர்களைப் பற்றி அது பேசுகிறது. இதற்குச் சிலர் சொல்லும் விளக்கம் எனக்குத் தெரியும்: “ருசிபார்த்தார்கள், விழுங்கவில்லை. நாக்கு நுனியில் வைத்துவிட்டுத் துப்பிவிட்டார்கள்.” நான் இளைஞனாக இருந்தபோது இதைப் பிரசங்கத்தில் கேட்டு நல்ல விளக்கம் என்று நினைத்திருக்கிறேன். பிறகு ஒருநாள் அதே நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தை வகுப்புக்கு ஆயத்தம் பண்ணும்போது கண்ணில் பட்டது. இயேசு ஒவ்வொருவருக்காகவும் “மரணத்தை ருசிபார்க்கும்படிக்கு” என்று ஒன்பதாம் வசனம் சொல்கிறது. கிரேக்கத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். இயேசு மரணத்தை நாக்கு நுனியில் வைத்துவிட்டுத் துப்பினாரா? அன்றோடு அந்த விளக்கத்தை விட்டுவிட்டேன்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, நல்மனச்சாட்சியைத் தள்ளிவிட்டுச் சிலர் “விசுவாசமாகிய கப்பலைச் சேதப்படுத்தினார்கள்” என்கிறார் (1 தீமோத்தேயு 1:19). எங்களைப்போல துறைமுகத்தில் வாழ்கிறவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. கரையை விட்டுப் போகாத கப்பல் கடலில் உடையாது. உடைந்தது என்று சொல்ல, முதலில் ஒரு கப்பல் ஓடியிருக்க வேண்டும்.

சரி, சபைகள் என்ன சொல்லியிருக்கின்றன? எங்கள் ஊரில் கிறிஸ்தவர்கள் என்றால் பெரும்பகுதி கத்தோலிக்கர். அவர்களுடைய போதனை இதில் தெளிவு. 1547-இல் திரெந்து நகரில் கூடிய பொதுச்சங்கம், சாவான பாவத்தால் ஒருவர் தேவ கிருபையை இழக்கலாம், அப்போதும் விசுவாசம் மிஞ்சியிருக்கலாம், அந்த மிஞ்சிய விசுவாசமும் உண்மையான விசுவாசமே, அவிசுவாசத்தால் அந்த விசுவாசத்தையும் இழக்க முடியும் என்று சொன்னது. இழக்க முடியும் என்றாலே முதலில் அது இருந்தது என்றுதான் அர்த்தம். 1814-இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிஷனரிமாரின் ஆசான் ஜோன் வெஸ்லியும், மெய்யான விசுவாசி விழுந்துபோக முடியும் என்றே படிப்பித்தார். பெந்தெகொஸ்தே சபைகளிலும் பெரும்பாலானவை அப்படித்தான் போதிக்கின்றன. அதனால்தான் “பின்மாற்றக்காரர்” என்ற சொல்லே அங்கே புழங்குகிறது. முன்னுக்குப் போயிராதவன் எங்கிருந்து பின்மாறுவான்?

அப்படியானால் அம்மாவிடம் சொல்லப்பட்ட போதனை எங்கிருந்து வருகிறது? கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் பிரட்றிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போகிறோம், மான்கள் நிற்கிற அந்த வழியால். கோயிலை இடித்த கல்லில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டை அது. பிறகு ஒல்லாந்தரிடம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. 1795-இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அந்த ஒல்லாந்தரின் நாட்டில் டோர்ட் என்ற நகரில் 1618-லும் 1619-லும் ஒரு பெரிய சபைச்சங்கம் கூடியது. ஆர்மினியஸ் என்ற இறையியலாளரைப் பின்பற்றியவர்கள் எழுப்பிய ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல அது கூடியது. ஐந்தாவது கேள்விதான் உங்களுடையது: மெய்யான விசுவாசி கடைசியாக விழுந்துபோக முடியுமா? முடியாது என்று சங்கம் முடிவு செய்தது. தாவீதும் பேதுருவும் விழுந்ததுபோலப் பயங்கரமாக விழலாம், ஆனால் தேவன் தாம் தெரிந்துகொண்டவரை, அதாவது இரட்சிப்புக்கென்று தெரிவுசெய்தவரை, முற்றாகக் கைவிடமாட்டார். கடைசிவரை திரும்பாதவர் தெரிந்துகொள்ளப்பட்டவர் இல்லை. ஒல்லாந்தரின் சபை இந்தப் போதனையில் நின்றது. பிரெஸ்பிற்றேரியன், பல பப்ரிஸ்ற் சபைகள் வழியாக இது உலகமெங்கும் பரவியது.

இந்தப் போதனையை நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஆனாலும் அதை மதிக்கிறேன். மனுஷனின் பிடியைவிடத் தேவனின் பிடி பலமானது என்பதே அதன் உயிர். அதை உள்ளபடி வாசித்தவர்கள் உங்கள் அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்பதுதான் என் மனத்தாங்கல். இந்தப் போதனைக்கு முன்னோடியான இறையியலாளர் கல்வின் தன் பெரிய நூலில், தெரிந்துகொள்ளப்படாதவர்களும் சிலவேளை தெரிந்துகொள்ளப்பட்டவர்களைப் போலவே உணர்கிறார்கள், தங்களுக்குள்ளேயே அவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது என்று எழுதுகிறார். தற்காலிக விசுவாசம் என்று அதற்குப் பெயர். கேட்கப் பயமாக இருக்கிறது, எனக்கும் பயம்தான். ஆனால் கவனியுங்கள், நடிப்பு என்று அவர்கூடச் சொல்லவில்லை. டோர்ட் சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், விசுவாசத்தை அறிக்கையிட்டு வாழ்க்கையைச் சீர்திருத்தி நடக்கிறவர்களைப் பற்றி நல்லவிதமாகவே நினைக்கவும் பேசவும் வேண்டும், ஏனென்றால் இருதயத்தின் உள்ளறைகள் எங்களுக்குத் தெரியாது என்று எழுதிவைத்தது. அப்போது தெரியாத உள்ளறை, அந்த ஆள் சபையை விட்டுப் போனவுடன் மட்டும் எப்படித் தெரியவந்தது?

ஒருநாளும் விசுவாசிக்காமல் விட்டுப்போனவர்கள் உலகத்தில் இல்லையா என்றால், இருக்கிறார்கள். இந்தத் தீவிலேயே லட்சக்கணக்கில் இருந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அரசாங்க உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் வேண்டும். விவாகம் சட்டப்படி பதிய வேண்டுமென்றால் அவர்களுடைய சபைப் பள்ளிக்கூடத்துத் தோம்பில், அதாவது பதிவேட்டில், பெயர் வேண்டும். சனம் ஞானஸ்நானம் எடுத்தது, பெயரைக் கொடுத்தது, வீட்டுக்கு வந்து திருநீறு பூசிக்கொண்டது. ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் தோம்பில் இருந்த கிறிஸ்தவர்கள் சில வருடங்களிலேயே காணாமல் போனார்கள். இவர்களைப் பற்றி “ஒருநாளும் விசுவாசிக்கவில்லை” என்றால் அது சரி, கேட்டிருந்தால் அவர்களே ஒத்துக்கொண்டிருப்பார்கள். நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். துவக்கோடு வந்தவன் கேட்ட பெயரைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் இந்த அளவுகோலை உங்கள் அண்ணாவுக்கு வைத்துப் பாருங்கள். அவருக்கு எந்த உத்தியோகம் கிடைத்தது? சனிக்கிழமை இரவெல்லாம் பாட்டுப் பயிற்சி, ஞாயிறு காலை சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம், நத்தார் காலத்தில் வீடு வீடாகப் பாடித் தொண்டை கட்டியது. வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம். பொய்யாய் விசுவாசிக்கிறவன் அந்தக் கணக்கை வேறு மாதிரிப் போடுவான்.

பயத்தால் விட்டவர்கள் இன்னொரு வகை. கி.பி. 250-இல் தேசியுஸ் என்ற ரோமப் பேரரசன், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டான். நிறையக் கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். துன்பம் தணிந்ததும் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பி வந்தார்கள். ரோமாபுரியில் நொவாசியான் என்பவர் இவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்பிரியான், மனந்திரும்புதலுக்குரிய காலத்தைக் கொடுத்துச் சேர்க்கலாம் என்ற பக்கம் நின்றார். சபை சிப்பிரியான் பக்கமே போனது. அவரே பிறகு 258-இல் விசுவாசத்துக்காகத் தலை வெட்டப்பட்டுச் செத்தார் என்பதால், அவர் இளகிய மனத்தால் சலுகை கொடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. எபிரெயர் 6-ஐ வைத்துக்கொண்டு “போனவனுக்கு வழி அடைபட்டுவிட்டது” என்று யாராவது உங்கள் வீட்டில் சொன்னால் இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. எனக்கு அது ஒரு சிநேகிதன் வழியாகத்தான் தெரியும்.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் இருந்தோம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது, மகளுக்கு இரண்டு. சிநேகிதன் ஒவ்வொரு இரவும் விறாந்தையில் நின்று ஜெபம் பண்ணுவான். புத்தகம் இல்லை, வெளிச்சம் இல்லை. சைவ வீட்டு ஆச்சிமாரும் வந்து இருப்பார்கள். மகளுக்குக் காய்ச்சல் கூடி வலிப்பு வந்த இரவு, வெளியே போக வழியில்லாத இரவு, அவன்தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை ஜெபம் பண்ணினான். என்னால் ஒரு சொல் வரவில்லை. எனக்கும் சேர்த்து அவன் விசுவாசித்தான் என்றுதான் அதை நான் இன்றும் நினைக்கிறேன். மகள் பிழைத்தாள்.

2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள். கடல் வந்தபோது சனம் காலை ஆராதனைக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. சிநேகிதன் அன்று மத்தியானத்திலிருந்து உடல்களைத் தூக்கினான். எத்தனை நாள் என்று எண்ணவில்லை. நாங்கள் படிப்பித்த ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அவன் சபைக்கு வந்தான், பாட்டுப் படித்தான், காணிக்கை போட்டான். பிறகு வரவில்லை. கேட்கப் போனேன். “மச்சான், நான் கோவிக்கேல்லை. கூப்பிட்டுப் பாக்கிறன். அந்தப் பக்கம் ஆள் இருக்கிற மாதிரி இல்லை” என்றான்.

அப்போது நானும் அந்த வார்த்தையைத்தான் சொன்னேன், மகள். “அப்ப நீ முந்தியும் சரியா விசுவாசிக்கேல்லைப் போல.” அவன் கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டான்: “அப்ப உன்ர மகளுக்காக அண்டைக்கு ஆர் ஜெபம் பண்ணினது?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அவன் பாவத்தில் விழுந்தவன் இல்லை, உலக ஆசைக்குப் போனவனும் இல்லை. தேமா என்றொருவர் வேதத்தில் வருகிறார். பவுலின் உடன்வேலையாள், பிறகு இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்துப் பிரிந்துபோனவர். அப்படிப்பட்டவர்களும் உண்டு. விட்டுப்போன ஒவ்வொருவரிலும் தேமாவைத் தேடுவதுதான் பிழை. உங்கள் அண்ணாவைப் பற்றியும் “என்ன பாவமோ, எந்தப் பெட்டையின் பின்னாலோ” என்று கதை அடிபடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் எங்களுக்கு நிம்மதி. அது எங்களுக்கு வராது என்று நினைத்துக்கொள்ளலாம். “ஒருநாளும் விசுவாசிக்கவில்லை” என்ற வார்த்தையும் அந்த நிம்மதிக்காகத்தான் பெரும்பாலும் வருகிறது. நான் சொன்னபோது அப்படித்தான் வந்தது.

விசுவாசம் என்ற சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. நாய்க்கு விசுவாசம் என்கிறோம், உப்பிட்டவருக்கு நன்றி விசுவாசம் என்கிறோம். தமிழில் அது நம்புவதையும் குறிக்கிறது, துரோகம் செய்யாமல் நிற்பதையும் குறிக்கிறது. கிரேக்கச் சொல்லிலும் இந்த இரட்டைப் பொருள் உண்டு. அதனால் ஒருவர் “எனக்கு விசுவாசம் இல்லை” என்று சொன்னால் தாயின் காதில் “நான் துரோகி” என்று விழுகிறது. உங்கள் அண்ணா சொன்னது வேறு என்று நினைக்கிறேன். கடவுள் இருக்கிறார் என்று இனி எண்ண முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். நம்ப முடியாததை நம்புகிறேன் என்று ஞாயிறு தோறும் மேடையில் நின்று வாசித்துக்கொண்டிருப்பதுதான் துரோகமாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை.

அண்ணாவிடம் கதைக்கும்போது ஒன்றை மட்டும் பொறுமையாகக் கேட்டுப் பாருங்கள். போனது எண்ணமா, உணர்வா? அன்னை திரேசா கிட்டத்தட்ட ஐம்பது வருடம் ஜெபத்தில் ஒன்றையும் உணராமல் இருந்தார் என்பது அவர் இறந்து பத்து வருடத்துக்குப் பிறகு, 2007-இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது உலகத்துக்குத் தெரிந்தது. உணர்வு வற்றிப்போனதையே விசுவாசம் போனதாக எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அண்ணா “இல்லை, எண்ணம்தான் போனது” என்றால் அதையும் அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் வாயிலிருந்து வேறு பதிலைப் பிடுங்குவதற்காக இதைக் கேட்க வேண்டாம்.

இன்னொன்று, இதை அண்ணாவிடமும் சொல்லலாம். விட்டுப்போனவர்களும் தங்கள் பழங்காலத்தைத் திருத்தி எழுதுவது உண்டு. “அப்ப சின்ன வயசு, சொன்னதைச் செய்தன், ஒண்டையும் நான் நம்பேல்லை” என்பார்கள். சிலருக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் சபை அவருடைய பதினைந்து வருடத்தைப் பொய் என்று சொன்னால் எவ்வளவு அநியாயமோ, அவரே சொன்னாலும் கிட்டத்தட்ட அவ்வளவு அநியாயம்தான். கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளை கிறிஸ்தவத்தில் இருந்து சைவத்துக்குத் திரும்பியவர். அவருடைய மகன் கிறிஸ்தவப் போதகரானார், போதகராகவே இருந்துகொண்டு தேவார திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தவர்களில் ஒருவராகவும் ஆனார். தகப்பனும் மகனும் ஆளுக்கொரு பக்கம் போன அந்த வீட்டை நினைத்தால், ஒரு மனுஷனின் ஒரு காலத்தைப் பொய்யாக்கித்தான் மற்றக் காலத்தை மெய்யாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை.

இனி, நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத, ஆனால் கடிதம் முழுவதும் இருக்கிற கேள்விக்கு வருகிறேன். அண்ணாவுக்கே போய்விட்டது என்றால், எனக்கு இருப்பது மெய் என்று எப்படித் தெரியும்? கடைசிவரை நிற்பதுதான் மெய்யான விசுவாசத்துக்கு ஒரே சாட்சி என்றால், சாகும்வரை யாருக்கும் அது தெரியாது. உங்கள் அம்மாவிடம் கதைத்தவருக்கும் தெரியாது. இதில் ஆச்சரியம், எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பக்கமும் ஒரே இடத்துக்கு வருகின்றன. கடைசிவரை நிலைத்திருப்பேன் என்று விசேஷ வெளிப்படுத்தல் இல்லாமல் ஒருவரும் முழு நிச்சயமாய்ச் சொல்ல முடியாது என்கிறது திரெந்துச் சங்கம். உனக்குள்ளே தோண்டிப் பார்க்காதே, கிறிஸ்துவே கண்ணாடி, அவரைப் பார் என்கிறார் கல்வின். வேர் பிடித்ததா என்று நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்கிறவனின் வயல் விளையாது. பிசாசு பிடித்த பிள்ளையின் தகப்பன் இயேசுவிடம், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கண்ணீரோடு சத்தமிட்டான் (மாற்கு 9:24). அவனிடம் இருந்தது எத்தனை பங்கு விசுவாசம், எத்தனை பங்கு அவிசுவாசம் என்று இயேசு கணக்குப் பார்க்கவில்லை. பிள்ளையைச் சுகமாக்கினார்.

அம்மாவுக்கு யாராவது மோனிக்காவின் கதையைச் சொல்வார்கள். மகன் அகுஸ்தீனுக்காக வருடக்கணக்கில் அழுத தாய், 387-இல் மகன் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்டவர். நல்ல கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் எல்லாத் தாய்மாருக்கும் அப்படி நடக்கும் என்று அதில் வாக்குறுதி இல்லை. அழுதால் மகன் திரும்புவான் என்று சொல்லிவைத்தால், திரும்பாதபோது தன் கண்ணீர் போதவில்லை என்று அம்மா நினைப்பார். அதைவிட, “அண்ணா அப்போது நடிக்கவில்லை அம்மா, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்” என்று நீங்கள் சொல்வது அவருக்கு உதவும். அந்தச் சாட்சியைச் சொல்ல உங்களைவிடத் தகுதியுள்ளவர் ஒருவரும் இல்லை. சொல்லிவிட்டு மூன்று பேரும் சேர்ந்திருந்து சாப்பிடுங்கள். ஜெபம் பண்ணும்போது அண்ணா கண்ணை மூடாவிட்டால் பரவாயில்லை.

கடைசியாக, அந்த ஜெபம். இது சபைக்குப் புதிய கேள்வி இல்லை. 303-இல் தியோக்கிளேசியன் என்ற பேரரசன் வேதப்புத்தகங்களை ஒப்படைக்கச் சொன்னபோது ஆயர்களில் சிலர் ஒப்படைத்தார்கள். பிறகு வட ஆபிரிக்காவில் பெரிய பிரிவினை வந்தது: அப்படி விட்டுக்கொடுத்தவர் கை வைத்து அபிஷேகம் பண்ணினால் செல்லுமா, கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? செல்லாது, திரும்ப எடுக்க வேண்டும் என்றது தொனாத் என்ற ஆயரின் கூட்டம். அபிஷேகம் செல்லும் என்று 314-இல் ஆர்ல்ஸ் நகரத்துச் சங்கம் சொன்னது. ஞானஸ்நானம் கொடுக்கிறவனுடையது இல்லை, கிறிஸ்துவினுடையது, கொடுத்தவன் விழுந்தாலும் கொடுக்கப்பட்டது விழாது என்று பிறகு மோனிக்காவின் மகன் அகுஸ்தீன் வருடக்கணக்கில் வாதாடினார். அண்ணா உங்களுக்குத் தந்தது அவருடைய சொந்தப் பொருள் இல்லை. அவர் கையிலிருந்து வந்தது, அவ்வளவுதான். அவர் தந்தபோது உண்மையாகத் தந்தார், நீங்கள் வாங்கியபோது உண்மையாக வாங்கினீர்கள்.

ஆகவே இன்றிரவும் அதையே சொல்லுங்கள், ஒரு சொல்லையும் மாற்றாமல். சின்ன வயதில் சொல்லித் தந்தபோது “அம்மாவையும் அண்ணாவையும் காத்துக்கொள்ளும்” என்று ஒரு வரி அதில் இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியும் அப்படியே இருக்கட்டும்.